ஆவலைத் தூண்டிவிட்டு, அப்புறம்?

கேள்வி | பிப்ரவரி 3, காலை 10.12

சிறு தொழில் செய்பவர்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு வாராவாரம் மின்மடல் எழுதுகிறேன். தலைப்பு வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டால் திறக்க ஆள் இல்லை. பாதியை மறைத்தால் திறக்கிறார்கள். முக்கால்வாசியை மறைத்தால் இன்னும் அதிகம். அதனால் நான் வந்திருக்கும் முடிவு: எவ்வளவு மறைக்கிறோமோ அவ்வளவு லாபம். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, பகல் 1.40

தப்பு இருக்கிறது. அது எங்கே என்பதற்கு முன் என் கதை. நானும் இதே முடிவுக்கு வந்து, அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டியவன்.

இணையவழிப் பாடம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு மடல் எழுதிக்கொண்டிருந்தேன். பாடத்தோடு புதிதாகப் பயிற்சித் தாள்கள் சேர்த்திருந்தார்கள். அதை அறிவிக்க வேண்டும். 'புதிய பயிற்சித் தாள்கள் தயார்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது. 'நீங்கள் இன்னும் இதைச் செய்யவில்லை' என்று மாற்றி அனுப்பினேன். அந்த வருடத்தில் அதிகம் பேர் திறந்த மடல் அதுதான். மேலாளர் வந்து கைகுலுக்கினார். அரை மணி நேரம் கழித்துப் பதில்கள் வர ஆரம்பித்தன. கட்டணம் கட்ட மறந்துவிட்டோமோ, கணக்கை முடக்கிவிட்டார்களோ, தேர்வுக்குப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோமோ என்று பதறிப்போய்த் திறந்திருக்கிறார்கள். ஒருவர் எழுதியது: 'முக்கியமான கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்து இதைத் திறந்தேன். பயிற்சித் தாளா?' அந்தக் கேள்விக்குறி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நான் தூண்டியது ஆவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு வந்ததோ பயம். கிளிக் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் விழும், எண்ணிக்கையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 3, இரவு 9.05

சரி, உங்கள் கணக்கில் எங்கே தப்பு?

ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் 1994-இல் ஆவலைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். விளம்பரத் துறையில் எல்லோரும் சொல்லும் 'இடைவெளி'க் கொள்கை அதிலிருந்து வந்ததுதான். ஒருவருக்குத் தெரிந்ததற்கும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் பட்டால் ஒரு குறுகுறுப்பு வரும், அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் தேடுகிறோம் என்பது சாரம். நம்மவர்கள் 'இடைவெளி' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 'தெரிந்தது' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். வாசகருக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் மிச்சம் தெரியவில்லையே என்று உறுத்தும்.

விடுகதை போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாலு அடையாளம் சொல்லிவிட்டுத்தான் 'அது என்ன?' என்று கேட்பார்கள். அடையாளமே சொல்லாமல் வெறுமனே 'அது என்ன?' என்றால் அதற்குப் பெயர் வம்பு.

2009-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொது அறிவுக் கேள்விகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 'விடை தெரியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், தெரிந்துகொள்ள எவ்வளவு ஆவல்' என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். துளியும் தெரியாத கேள்விகளில் ஆவல் குறைவு. நன்றாகத் தெரிந்தவற்றிலும் குறைவு. தெரிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை என்ற நடுவாந்தர நிலையில்தான் உச்சம். நீங்கள் வரைந்த கோடு மேலே ஏறிக்கொண்டே போகிறது. இவர்களுக்குக் கிடைத்ததோ ஒரு குன்று. உச்சிக்கு அப்புறம் இறக்கம்தான்.

உங்கள் மென்பொருளுக்கே மூன்று தலைப்பு போட்டுப் பார்ப்போம்.

'உங்களுக்காக ஒரு ரகசியம்': அடையாளம் இல்லாத விடுகதை.

'அறிக்கைப் பக்கத்தில் மாதவாரிச் செலவுப் பட்டியல் சேர்க்கப்பட்டுள்ளது': படித்தாயிற்று, இனி எதற்குத் திறக்க வேண்டும்?

'பற்றும் வரவும் இடிக்கிறதா? வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள்': பற்று, வரவு, இடிக்கும் கணக்கு எல்லாம் உங்கள் வாசகருக்கு அன்றாடம் தெரிந்தவை. தெரியாதது அந்த 9 மட்டும். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 4, காலை 7.20

ஏன் 9 என்று விடிவதற்குள் மூன்று பேர் கேட்டாயிற்று. சொல்கிறேன், இப்போது இல்லை.

பிப்ரவரி 4, மாலை 6.30

'ரகசியம் என்று போட்டாலும் திறக்கத்தானே செய்கிறார்கள்' என்று திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். திறப்பார்கள். மனிதர்கள் அதைவிட மோசமானதையெல்லாம் திறப்பார்கள்.

ஹ்ஸீ, ருவான் என்ற இருவர் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மேசையில் சில பேனாக்கள். வேறொரு சோதனை தொடங்கும்வரை இவற்றை வைத்துப் பொழுதுபோக்கலாம் என்று ஆட்களை உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சில பேனாக்களை அழுத்தினால் மின்சாரம் சுள்ளென்று அடிக்கும், சிலவற்றில் ஒன்றும் ஆகாது. எது எப்படி என்று நிறத்தால் அடையாளம் போட்டு வைத்திருந்தால் அழுத்தியவர்கள் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் போட்டு, எது அடிக்கும் என்று தெரியாமல் வைத்தால் அதிகமாக அழுத்தினார்கள். வலிக்கலாம் என்று தெரிந்தே. அழுத்தியதில் எந்த லாபமும் அவர்களுக்கு இல்லை.

உங்கள் 'ரகசியம்' மடலைத் திறந்தவர்களும் குறுகுறுப்பைத் தீர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உங்களை அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

பிப்ரவரி 4, இரவு 10.50

நேற்று 'அதிகம் பேர் திறந்த மடல்' என்று பீற்றிக்கொண்டேனே, அதில் ஒரு திருத்தம். திறந்தவர் எண்ணிக்கையை இப்போது அப்படியே நம்பக் கூடாது. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படம் வைத்து, அது இறங்கினால் திறந்ததாக எண்ணுவதுதான் முறை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மின்மடல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைத்துவிடும். அதை இயக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் 'திறந்தவர்கள்' பட்டியலில் ஏறிவிடுவார்கள். (என் மடல் அதற்கு முந்தியது. அந்தப் பெருமையை மட்டும் விட்டுத் தரமாட்டேன்.)

பார்க்க வேண்டியது கிளிக், பதில், விலகியவர்கள், ஸ்பேம் என்று புகார் செய்தவர்கள். கடைசியது விளையாட்டுக் காரியமில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் ஒரு பொத்தானை அழுத்தினாலே எல்லைக்கு வந்துவிட்டீர்கள். அப்புறம் நீங்கள் என்ன தலைப்பு வைத்தாலும் மடல் குப்பைப் பெட்டிக்குப் போய்விடலாம்.

பிப்ரவரி 5, காலை 8.15

'தொடரும்' போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல உத்தி. பாதியில் நின்ற வேலை முடிந்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்று 1927-லேயே புளூமா ஸெய்கார்னிக் காட்டியிருக்கிறார். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதியவர்கள் அதைப் படிக்காமலே செய்தார்கள்.

பிப்ரவரி 6, இரவு 11.30

மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸெய்கார்னிக் கண்டதைப் பின்னால் பலர் செய்து பார்த்தபோது ஒரே மாதிரி விளைவு வரவில்லை. பாதியில் நின்றது நன்றாக நினைவில் நிற்கும் என்பது ஆட்டம் காணும் முடிவு. அதே காலத்தில் மரியா ஒவ்சியான்கினா என்பவர் 1928-இல் செய்தது இன்னும் உறுதியாக நிற்கிறது. பாதியில் நிறுத்தப்பட்ட வேலைக்கு, வாய்ப்புக் கிடைத்தால், யாரும் சொல்லாமலே ஆட்கள் திரும்பப் போகிறார்கள்.

வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், நம் தொழிலில் சின்னது இல்லை. நினைவில் நிற்கும் என்றால் 'தொடரும்' போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாம். திரும்பி வருவார்கள் என்றால், அவர்கள் திரும்புவதற்கு வழி திறந்திருக்க வேண்டும். அடுத்த பகுதி எங்கே, எப்போது என்று தெரிய வேண்டும். நான் ஒருமுறை மூன்று பகுதி மடல் ஒன்றை ஆரம்பித்து, இரண்டாவதோடு வேறு வேலை வந்து விட்டுவிட்டேன். ஏன் மூன்றாவது வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் நினைவில் எதுவும் நிற்கவில்லை. என் நினைவில்தான் நிற்கிறது.

பிப்ரவரி 8, பகல் 3.00

இதையெல்லாம் ஒரு பெரிய அளவில் செய்துபார்த்தவர்கள் அப்வொர்த்திக்காரர்கள். 2012-இல் தொடங்கிய தளம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 25 தலைப்பு எழுத வேண்டும் என்பது அங்கே விதி. அதில் சிலவற்றை வாசகர்களைப் பிரித்துக் காட்டிச் சோதிப்பார்கள், அதிகக் கிளிக் விழுந்தது ஜெயிக்கும். 'அடுத்து நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள்' என்ற பாணி இணையம் முழுக்கப் பரவியதற்கு அவர்களும் ஒரு காரணம். 25 எழுதுவது நல்ல பழக்கம் என்று இன்றைக்கும் சொல்வேன். முதல் பத்தும் எல்லோரும் எழுதுவதுதான், பதினைந்துக்கு மேல் வேறு வழியில்லாமல் ஏதாவது புதிதாக வரும்.

ஆனால் 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் கிளிக்கை மட்டும் எண்ணுவதை விட்டது. இணைப்பை அழுத்திப் போனவர் எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறார், போன வேகத்தில் திரும்பிவிடுகிறாரா என்று பார்க்க ஆரம்பித்தது. 2016-இல் இன்னும் ஒரு படி: தகவலை வேண்டுமென்றே ஒளித்துவைக்கும் தலைப்புகளின் சொல்லமைப்பையே அடையாளம் கண்டு கீழே தள்ளியது. யூடியூப் 2012-லேயே பார்வை எண்ணிக்கையை விட்டு, பார்த்த நேரத்துக்கு மாறியிருந்தது. ஆக, கதவைத் திறக்கவைப்பதற்கு மட்டும் கிடைத்துவந்த கூலி நின்றுபோயிற்று.

அப்வொர்த்தியின் பழைய சோதனைகளைப் பிற்பாடு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள், 32,487 சோதனைகள். 2023-இல் வந்த ஓர் ஆய்வு அவற்றை அலசி, சராசரி நீளத் தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் கிளிக் விகிதம் 2.3 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. என் 'நீங்கள் இன்னும் இதைச் செய்யவில்லை' நினைவுக்கு வந்தது. மனம் ஆறவில்லை.

பிப்ரவரி 8, பகல் 3.10

அவசரமாக ஒன்று: அந்த 2.3, சதவீதப் புள்ளி இல்லை. இருந்த விகிதத்தில் 2.3 சதவீதம். நூற்றுக்கு ஒருவர் அழுத்திய இடத்தில் 1.023 பேர். அந்த 0.023 ஆளுக்காக எத்தனை பேரைப் பதறவைத்தோம்!

பிப்ரவரி 9, இரவு 8.40

பெரிய கைகளும் இதில் விழுந்திருக்கின்றன. 1989-இல் நிசான் தன் இன்ஃபினிட்டி காரை அறிமுகப்படுத்தியபோது விளம்பரத்தில் காரையே காட்டவில்லை. பாறை, மரம், கடல், அலை. அமைதியான குரல். ஜனங்கள் நன்றாகக் கவனித்தார்கள், பேசினார்கள், கேலியும் செய்தார்கள். அதே சமயத்தில் சந்தைக்கு வந்த டொயோட்டாவின் லெக்ஸஸோ, காரைக் காட்டியே விற்றது, முன்னால் போனது. மரம் நன்றாக விற்றிருக்கும் என்று அந்த நாளில் ஒரு நகைச்சுவை ஓடியதாம்.

2001 செக்வே இன்னொரு வகை. ஜனவரியில் 'ஜிஞ்சர்' என்றும் 'அது' என்றும் மட்டும் பெயர் கசிந்தது. நகரங்களையே மாற்றிக் கட்ட வைக்கும் என்ற அளவுக்குப் பேச்சு. பதினோரு மாதம் எல்லோரும் ஊகித்துக்கொண்டே இருந்தார்கள். டிசம்பரில் திரை விலகினால் இரண்டு சக்கரத்தில் நின்றுகொண்டே போகும் வண்டி. நல்ல வண்டிதான், தானாகச் சமநிலை காத்தது அபாரமான பொறியியல். ஆனால் ஒவ்வொருவரும் தன் கற்பனையில் கட்டிவைத்திருந்த 'அது'வோடு எந்த வண்டி போட்டியிட முடியும்? மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை ஆயிற்று. 2020-இல் உற்பத்தியை நிறுத்தும்வரை மொத்தம் விற்றது சுமார் 1,40,000.

முதலாவதில் விடையே இல்லை. இரண்டாவதில் விடை இருந்தது, கேள்வி அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. இரண்டில் எது மோசம் என்று எனக்கு முடிவு செய்ய வரவில்லை.

பிப்ரவரி 10, காலை 9.00

'அப்போ ஆவலே வேண்டாம் என்கிறீர்களா?' இல்லை. நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தால் அப்படித்தான் தொனிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

1981-இல் பாரிஸ் சுவரொட்டிகள். நீச்சலுடையில் ஒரு பெண், 'செப்டம்பர் 2-ஆம் தேதி மேலாடையைக் கழற்றுவேன்' என்கிறாள். 2-ஆம் தேதி சொன்னபடி செய்துவிட்டு, '4-ஆம் தேதி கீழாடை' என்கிறாள். 4-ஆம் தேதி அதுவும் நடந்தது, ஆனால் திரும்பி நிற்கிறாள். அதில் எழுதியிருந்தது: 'அவெனிர், சொன்ன சொல் காக்கும் சுவரொட்டி நிறுவனம்.' பெண் உடலை இப்படிப் பயன்படுத்தியதற்கு அப்போதே எதிர்ப்பு வந்தது, அது நியாயமான எதிர்ப்பு. நான் இதைச் செய்யமாட்டேன். அதன் கட்டுமானத்தை மட்டும் பாருங்கள். ஊர் முழுக்கச் சொன்ன தேதியில் சுவரொட்டியை மாற்றுவதுதான் அந்த நிறுவனம் விற்கும் சரக்கு. ஆவலின் விடையும் சரக்கும் ஒன்றே. நடுவில் ஒட்டுப்போட்ட தடம் இல்லை.

2004-இல் கூகுள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பெயர் போடாமல் ஒரு பலகை வைத்தது. 'e' (2.718...) என்ற கணித மாறிலியின் இலக்கங்களில் தொடர்ச்சியாக வரும் முதல் பத்து இலக்கப் பகா எண், அதன் பின்னால் ஒரு டாட்காம். அவ்வளவுதான். விடை 7427466391. அந்த முகவரிக்குப் போனால் இன்னொரு புதிர், அதையும் அவிழ்த்தால் வேலைக்கு அழைப்பு. சாலையில் போன பெரும்பாலோருக்கு அது வெறும் கிறுக்கல். ஆனால் யாருக்குப் பாதி புரிந்து மிச்சம் உறுத்தியதோ, அவர்தான் அவர்களுக்கு வேண்டிய ஆள். இதைப் பார்த்த பிறகு, 'எல்லோரையும் திறக்கவைக்க வேண்டும்' என்ற என் பழைய ஆசையே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

பிப்ரவரி 12, நள்ளிரவு 12.45

இவ்வளவு பேசிய நான் இப்போது '27 பிரபலங்கள், இன்று எப்படி இருக்கிறார்கள்' என்பதில் 19-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். முதல் ஆளையே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 14, காலை 10.20

நடைமுறையில் என்ன செய்கிறேன் என்று கேட்டவருக்கு. விடையை முதலில் எழுதுகிறேன். ஒரே வாக்கியம். அது எழுத வரவில்லையென்றால் அந்த வாரம் ஆவல் தலைப்பு கிடையாது, விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவேன். வந்தால், தலைப்பையும் விடையையும் பக்கத்து இருக்கைக்காரரிடம் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்ப்பேன். 'ஓ!' என்றால் அனுப்பலாம். 'இதுக்கா?' என்றால் தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் கஷ்டம் என்னவென்றால், நல்ல பழக்கமானவர்கள் நம் முகத்துக்காக 'ஓ' என்பார்கள். ஆகவே எனக்குப் பிடிக்காத ஒருவரிடம் கேட்கிறேன். அவருக்கும் என்னைப் பிடிக்காது. வேலை நன்றாக நடக்கிறது.

ஜான் கேப்பில்ஸ் என்ற பழைய விளம்பர எழுத்தாளர் 1930-களிலேயே தலைப்புகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்: வாசகருக்குப் பயன் முதலில், புதுச் செய்தி அடுத்து, ஆவல் மூன்றாவது. வெறும் ஆவலை மட்டும் நம்பாதே என்றவர். அவருடைய மிகப் புகழ்பெற்ற தலைப்போ, பியானோ முன் உட்கார்ந்தவனை எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள், அவன் வாசிக்கத் தொடங்கியதும்... என்று பாதியில் நிற்கும். விற்றது வீட்டிலிருந்தே இசை கற்கும் பாடம். தலைப்பில் ஆவல்தான் துள்ளுகிறது, ஆனால் பயனும் உள்ளேயே இருக்கிறது: உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

பிப்ரவரி 15, மாலை 5.00

கட்டண நினைவூட்டல், கடவுச்சொல், சேவைத் தடங்கல், பாதுகாப்பு எச்சரிக்கை. இவற்றில் ஆவலே கூடாது. 'உங்கள் கணக்கில் ஒன்று நடந்திருக்கிறது' என்று மோசடிக்காரன்தான் எழுதுவான்.

பிப்ரவரி 17, இரவு 9.30

கேள்வி கேட்டவர் 9 தலைப்பை அனுப்பிப் பார்த்திருக்கிறார். திறந்தவர்கள் 'ரகசியம்' மடலைவிடக் குறைவாம். ஆனால் பதில் எழுதியிருக்கிறார்கள், சிலர் தங்கள் கணக்கில் இடிக்கும் தொகையையே போட்டு 'இது வகுபடுகிறது, இப்போது என்ன செய்ய?' என்று. வாராவாரம் எழுதி இதுவரை ஒரு பதிலும் வராத இடத்தில்.

இங்கே நான்தான் சொதப்பிவிட்டேன். 'இப்போது இல்லை' என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. கேட்ட மூவரில் ஒருவர் தானே போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். ஒருவர் 'இனிமேல் வேண்டாம்' என்றார். மூன்றாமவரைக் காணவே இல்லை. நாலாம் தேதி மாலையே சொல்லியிருக்க வேண்டும்.

எண்களை எழுதும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினால், வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 45-ஐ 54 என்று எழுதினால் 9. 270-ஐ 720 என்று எழுதினால் 450. ஈவையும் பாருங்கள். 36 இடித்தால், 9-ஆல் வகுக்க 4. ஆக, நாலு வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 73-க்கு 37, 84-க்கு 48. ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ போனாலும் 9-ஆல் வகுபடும், 100-ஐ 1,000 என்று போட்டால் 900. வேறு தப்பு தற்செயலாக வகுபடுவதும் உண்டு, அதனால் முதலில் தேட வேண்டிய இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17, இரவு 9.50

9-ஆல் வகுபடாவிட்டால் 2-ஆல் வகுத்துப் பாருங்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 600 இடிக்கிறதென்றால் 300 என்ற பதிவைத் தேடுங்கள். பற்றில் ஏற வேண்டியது வரவில் ஏறியிருக்கும்.